போருக்கு முன் ஆள் சேர்ப்பது: அழைப்பா, பதிவேடா, ஆணையா?

போர் தொடங்கிய பிறகு ஆள் சேர்ப்பதில் அரசுகள் பொதுவாக நெடுநாள் தயங்குவதில்லை. சட்டம் வரும், வயது வரம்பு வரும், வேறு வழியில்லை என்று மக்களும் ஏற்பார்கள். போர் வரக்கூடும், வராமலும் போகலாம் என்ற நிலையில் கழிகிற ஓராண்டு ஈராண்டுதான் கடினமானது. அப்போது மக்களைப் பார்த்து ‘விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்’ என்று கேட்பதா? யார் எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று முதலில் கணக்கெடுப்பதா? இளைஞர்களைச் சட்டம் போட்டு அழைப்பதா?

ஐரோப்பா இன்று மறுபடி இந்தக் கேள்வியின் முன் நிற்கிறது. சுவீடன் 2017இல் கட்டாய ராணுவப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவர முடிவெடுத்தது. ஜெர்மனியில் 18 வயதாகும் ஆண்கள் 2026 தொடக்கத்திலிருந்து ஒரு வினாப்படிவத்தைக் கட்டாயம் நிரப்பித் தர வேண்டும். படையில் சேர்வது மட்டும் அவரவர் விருப்பம். பிரான்சின் அதிபர் மக்ரோன் 10 மாத விருப்பச் சேவை ஒன்றை 2025 நவம்பரில் அறிவித்தார். மூன்று நாடுகள், மூன்று வழிகள்.

இந்த வழிகள் எல்லாவற்றையும் ஒரே நாடு, சுமார் ஓராண்டுக்குள், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தது 1938–39இன் பிரிட்டனில் நடந்தது. எந்த வழி எதற்கு உதவியது என்று அந்த அனுபவத்தை வைத்து ஒப்பிட முடியும். அதைப் படித்து நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருப்பமா கட்டாயமா என்பது இரண்டாவது கேள்வி. யாரை அவரவர் வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்பதே முதல் கேள்வி. அதற்கு விடை கண்ட பிறகு கணக்கெடுப்பைக் கட்டாயமாக்கலாம். பணியை விருப்பத்துக்கு விடலாம். இந்த வரிசை மாறினால் நல்ல எண்ணத்தோடு வருகிற மக்களே நாட்டுக்குச் சேதமாக முடியும்.

வெறும் அழைப்பு: 1914இன் பாடம்

முதல் உலகப் போர் தொடங்கியபோது பிரிட்டனில் கட்டாய ராணுவ சேவை கிடையாது. போர் அமைச்சர் கிச்சனர் சுவரொட்டிகள் வழியாக அழைத்தார். 1915 முடிவதற்குள் ஏறத்தாழ 25 லட்சம் பேர் தாமாக வந்து சேர்ந்தார்கள். மனித வரலாற்றில் இப்படியொரு விருப்பப் படை அதற்கு முன் திரண்டதாகச் சொல்ல முடியாது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அழைப்பு மாபெரும் வெற்றி.

வந்தவர்கள் யார் என்று பார்த்தால் கதை மாறுகிறது. 1915 நடுவிலேயே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் சீருடை அணிந்துவிட்டார்கள். பீரங்கிக் குண்டு செய்யத் தெரிந்த கடைசல்காரர்களும் பொறிவினைஞர்களும் போர்முனைக்குப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு மே மாதம் குண்டுப் பற்றாக்குறை அரசையே ஆட்டியது. திறமையான தொழிலாளிகளைப் படையிலிருந்து தேடிப் பிடித்து ஆலைகளுக்குத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. உலை அணையாமல் பார்த்துக்கொள்ளும் மனிதனுக்கும் கடைக் கணக்கெழுதும் மனிதனுக்கும் சுவரொட்டி வேறுபாடு காண்பதில்லை. துணிவும் கடமையுணர்வும் மிகுந்தவன் முதலில் எழுந்து போகிறான். அவன் விட்டுச்சென்ற இடத்தை யார் நிரப்புவது என்று கேட்க ஆளில்லை.

இன்னொரு விலையும் இருந்தது; அதைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. சேர்ப்பை விரைவுபடுத்த, ஒரே ஊரார், ஒரே ஆலையார், ஒரே பள்ளியில் படித்தவர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் ஒன்றாகவே இருக்கலாம் என்று உறுதி தந்தார்கள். நண்பர் படைகள் அப்படித்தான் உருவாயின. லங்காஷயரில் அக்ரிங்டன் என்ற நெசவாலை நகரத்தின் பெயரைத் தாங்கிய படை, 1916 ஜூலை 1 அன்று பிரான்சின் சோம் போர்க்களத்தில் செர் என்ற சிற்றூரை நோக்கி முன்னேறியது. ஏறத்தாழ 700 பேரில் 580க்கும் மேற்பட்டவர்கள் அன்று காலையிலேயே இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். அந்த நகரத்தில் துக்கம் இல்லாத தெரு இல்லை. ஊர்ப் பற்றைக் கொண்டு ஆள் சேர்ப்பது எளிது. இழப்பும் ஓர் ஊரின் தலையிலேயே மொத்தமாக விழும் என்பதை அழைப்பவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அழைப்பு போதவில்லை. 1916 ஜனவரியில் கட்டாய ராணுவ சேவைச் சட்டம் வந்தது.

வழிகாட்டும் அழைப்பு: 1939 ஜனவரி

1938 செப்டம்பரில் மியூனிக் நெருக்கடி: செக்கோஸ்லோவாக்கியாவின் ஒரு பகுதியை ஹிட்லர் கேட்டதால் போர் மூளும் நிலை. பிரிட்டனில் 3 கோடியே 80 லட்சம் நச்சுவாயு முகமூடிகள் அவசரமாக வழங்கப்பட்டன. பூங்காக்களில் பதுங்கு குழிகள் வெட்டினார்கள். தொண்டு செய்ய வந்தவர்களின் கூட்டம் நகராட்சி அலுவலகங்களில் அலைமோதியது. பெயரை எழுதிக்கொண்டு அனுப்பினார்களே தவிர, அவர்களுக்குப் பயிற்சி தரப் போதுமான ஆட்கள் இல்லை, கொடுக்கக் கருவிகளும் இல்லை. நெருக்கடி அப்போதைக்குத் தணிந்தது. அரசுக்கு விழிப்பு வந்தது.

மக்களைத் தற்காப்புப் பணிகளுக்குத் திரட்டும் பொறுப்பை ஏற்றவர் சர் ஜான் ஆண்டர்சன். 1932 முதல் 1937 வரை வங்காளத்தின் ஆளுநராக இருந்தவர். அங்கே அவருடைய கடுமையான அடக்குமுறையை இந்தியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே மனிதர் தன் நாட்டு மக்களிடம் கட்டாயம் வேண்டாம், அழைப்பே போதும் என்ற திட்டத்தோடு வந்தார். 1939 ஜனவரியில் நாட்டின் எல்லா வீடுகளுக்கும் ஒரு கையேடு அனுப்பப்பட்டது. பிரதமர் சேம்பர்லின் முன்னுரை எழுதியிருந்தார். வான்தாக்குதல் காவலர், துணைத் தீயணைப்புப் படை, முதலுதவிக் குழு, ஆம்புலன்ஸ் ஓட்டுநர், செவிலியர் துணைப்படை, சிறப்புக் காவலர், முப்படைகளின் துணைப்பிரிவுகள், பெண்களுக்கான பிரிவுகள் என ஒவ்வொன்றிலும் என்ன வேலை, யார் சேரலாம், எங்கே விண்ணப்பிப்பது என்று அதில் சொல்லியிருந்தார்கள்.

கையேட்டைவிட முக்கியமானது அதே மாதம் வெளிவந்த இன்னொரு வெளியீடு: ஒதுக்கப்பட்ட தொழில்களின் அட்டவணை. சுரங்கம், ரயில்வே, கப்பல் கட்டுதல், பொறியியல், மருத்துவம் என்று தொழில் தொழிலாகப் பிரித்து, இன்ன தொழிலில் இன்ன வயதுக்கு மேற்பட்டவர் முழுநேரப் போர்ச் சேவைக்குப் போகக் கூடாது என்று வரையறுத்தார்கள். ஏறத்தாழ 50 லட்சம் ஆண்கள் இதற்குள் வந்தார்கள். அவர்கள் தத்தம் ஊரிலேயே பகுதிநேரக் காவலராகவோ தீயணைப்பாளராகவோ சேரத் தடையில்லை. 1914இன் தவறிலிருந்து நேரடியாகப் பிறந்த ஏற்பாடு இது. உயிர் கொடுக்க முன்வருகிற ஒருவனைப் பார்த்து, ‘உன் வேலையிலேயே இரு, அதுவும் சேவைதான்’ என்று அரசு பொறுப்போடு சொன்னதாக நான் இதைப் பார்க்கிறேன். இந்த ஒப்பீட்டில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த அட்டவணையைத்தான்.

பலன் கிடைத்தது. போர் மூளும்போது வான்தாக்குதல் தற்காப்புப் பணிகளில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இருந்தார்கள். பெரும்பாலோர் சம்பளமில்லாத பகுதிநேரத் தொண்டர்கள். காவலர்களில் ஆறில் ஒருவர் பெண். ரெடிங் சீமாட்டி 1938இல் தொடங்கிய பெண்கள் தன்னார்வச் சேவை ஊர்தோறும் கிளைவிட்டிருந்தது. விவசாய வேலைக்காக மீண்டும் உருவாக்கப்பட்ட பெண்கள் நிலப்படையில் போர் தொடங்குமுன்பே சுமார் 17,000 பேர் பதிவு செய்திருந்தார்கள்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். பகலெல்லாம் ஆலையில் நிற்பவருக்கு மாலைப் பயிற்சி சுமை. நேரமும் வசதியும் உள்ளவருக்கு அது எளிது. பெண்கள் தன்னார்வச் சேவையின் சீருடையை அவரவர்தான் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. யாரையும் விலக்கும் எண்ணம் இல்லாமலே, ஏழைப் பெண் வாசலில் நின்றுவிட்டாள். விருப்பச் சேவை என்று எந்த அரசு சொன்னாலும், ‘யாருடைய விருப்பம்? யாருக்குக் கட்டுபடியாகிறது?’ என்று கேட்டுவிட்டுத்தான் நான் மேலே படிக்கிறேன்.

இரண்டாவது குறை காத்திருப்பு. 1939 செப்டம்பரில் போர் வந்தது, குண்டு வரவில்லை. மாதங்கள் கடந்தன. முழுநேர ஆண் காவலருக்கு வாரம் 3 பவுண்டு, பெண்ணுக்கு 2 பவுண்டு ஊதியம். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள், ராணுவத்துக்குப் பயந்து இங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்று ஏச்சு கிளம்பியது. மனம் கசந்து பலர் விலகினார்கள். 1940 செப்டம்பர் 7 அன்று லண்டன் மீது குண்டுமழை தொடங்கி 57 இரவுகள் இடைவிடாமல் நீடித்தபோது, டாக்சிகளின் பின்னால் பம்புகளைக் கட்டி இழுத்துக்கொண்டு தீக்குள் நுழைந்தவர்கள் அந்த ஏச்சு வாங்கியவர்கள்தாம். போருக்கு முந்தைய தொண்டருக்கு எதிரியைவிடப் பெரிய சோதனை, எதிரி வராத நாட்களில் அண்டை வீட்டார் பேசுகிற பேச்சு. அதைத் தாங்குமளவுக்கு இடையறாத பயிற்சியும் வேலையும் கொடுக்காவிட்டால் அழைப்பினால் வந்த கூட்டம் கரைந்துவிடும்.

இதில் பின்லாந்து ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 1939 கோடையில் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள், மாணவர்கள் உட்பட, விடுமுறையில் சோவியத் எல்லையை ஒட்டிய கரேலியப் பூசந்திக்குப் போய் டாங்கித் தடைகளும் பதுங்கு குழிகளும் அமைத்தார்கள். லோட்டா ஸ்வார்ட் பெண்கள் அமைப்பு பல ஆண்டுகளாகவே சமையல், மருத்துவம், வான்கண்காணிப்பு என்று குறிப்பிட்ட வேலைகளில் பழகியிருந்தது. அங்கே தொண்டர் வந்த அன்றே மண்வெட்டியைக் கையில் கொடுக்க முடிந்தது. நவம்பர் 30 அன்று சோவியத் படை எல்லை தாண்டியபோது அந்த உழைப்பு அங்கே கண்ணெதிரே நின்றது.

பதிவேடு: தள்ளிப்போட்ட தேர்வு

அழைப்புக்கும் ஆணைக்கும் நடுவே, கட்டாயத் தேசியப் பதிவேடு என்ற வழி இருந்தது. யாரையும் பணியில் சேர்க்காமல், பெயர், வயது, தொழில், முகவரி மட்டும் சட்டப்படி எழுதி வாங்குவது. ஆளும் கட்சிக்குள்ளேயே இதை வற்புறுத்தியவர்கள் உண்டு. அமைதிக் காலத்தில் வேண்டாம், போர் வந்தால் எடுக்கலாம் என்று அரசு முடிவு செய்தது. தொழிற்சங்கங்களின் அச்சமும் இதற்குக் காரணம். பதிவேடு வந்தால் அதன் பின்னால் ராணுவக் கட்டாயமும், அதன் பின்னால் ஆலைக் கட்டாயமும் வரும் என்று அவர்கள் நினைத்தார்கள். வீண் அச்சம் என்று சொல்ல மாட்டேன். முதல் போரில் 1915 ஆகஸ்டில் பதிவேடும், ஐந்தே மாதத்தில் கட்டாயச் சேவையும் வந்ததை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

பதிவேடு கடைசியில் 1939 செப்டம்பர் 29 அன்று எடுக்கப்பட்டது. 1941ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஏற்பாடுகளைப் பயன்படுத்தி, 65,000 கணக்கெடுப்பாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். வேலை வேகமாக முடிந்தது. அடையாள அட்டைகள் வழங்கப்பட்டன. போரின் நடுவில், லட்சக்கணக்கானவர்கள் இடம்பெயர்ந்துகொண்டிருந்த மாதத்தில் இவ்வளவு சீராகச் செய்ய முடிந்ததை, அமைதியான 1939 ஜனவரியில் செய்திருக்க முடியாதா? ஒதுக்கப்பட்ட தொழில் அட்டவணையும் கையேடும் பதிவேடும் ஒரே மாதத்தில் வந்திருந்தால், எந்த ஊரில் எத்தனை செவிலியர், எத்தனை லாரி ஓட்டுநர், எத்தனை இரும்புத் தொழிலாளி என்று ஊராட்சிகளுக்கு முன்னமே தெரிந்திருக்கும். அழைப்பும் எல்லோரையும் பார்த்துப் பொதுவாக அழைப்பதாக இல்லாமல், ‘இந்தப் பகுதிக்கு இத்தனை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வேண்டும்’ என்று குறிப்பாக அமைந்திருக்கும்.

ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்க முடியாது. பதிவேடு எதற்கு எடுக்கப்படுகிறதோ அதற்கு மட்டும் என்று சட்டத்திலேயே எழுதி, முடியும் நாளையும் குறிக்க வேண்டும். 1939இன் அடையாள அட்டை போர் முடிந்து ஏழாண்டு கழித்து, 1952இல்தான் ஒழிந்தது.

ஆணை: 1939 ஏப்ரல்

1939 மார்ச் 15 அன்று ஹிட்லரின் படை செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராகுக்குள் நுழைந்தது. மார்ச் 29 அன்று, தொண்டர்களால் ஆன பிராந்திய ராணுவம் இரண்டு மடங்காக்கப்படும் என்று அறிவித்தார்கள். தங்குமிடம், பயிற்சியாளர், ஆயுதம் எதுவும் இரண்டு மடங்காகத் தயாராக இல்லை. ஏப்ரல் 26 அன்று சேம்பர்லின் கட்டாயப் பயிற்சியை அறிவித்தார். 20, 21 வயது ஆண்களுக்கு ஆறு மாதம். அமைதிக் காலத்தில் கட்டாயம் கிடையாது என்று அவர் கொடுத்திருந்த வாக்கு முறிந்தது. தொழிற்கட்சியும் லிபரல் கட்சியும் எதிர்த்து வாக்களித்தன. வட அயர்லாந்தைச் சட்டத்திலிருந்து விலக்க வேண்டியதாயிற்று.

ராணுவப் பலன் சிறியது. ஜூன் 3 அன்று பதிவு நடந்தது. ஜூலை நடுவில் சுமார் 35,000 பேர் கொண்ட முதல் அணி முகாமுக்குப் போனது. ஏழு வாரத்தில் போர் வந்துவிட்டது. நாம் விளையாட்டாகப் பேசவில்லை என்று பிரான்சுக்கும் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் காட்டுவதே இதன் உண்மையான நோக்கம். அந்த அளவில் அதற்கு ஒரு பயன் உண்டு. ஆனால் மூன்று மாதம் முன்புதான் கட்டாயம் இல்லை என்ற உறுதியின் பேரில் தொழிலாளர் தலைவர்கள் விருப்பச் சேவை இயக்கத்துக்குத் தோள் கொடுத்திருந்தார்கள். அவர்களை ஏமாற்றியதாக ஆகிவிட்டது. ஆணை வேண்டும் என்று ஓர் அரசு கருதினால் முதலிலேயே சொல்ல வேண்டும். அழைப்பை நம்பி வந்தவர்களின் தலைக்கு மேல் ஆணையைக் கொண்டுவருவது, இரண்டு வழிகளில் எதை எடுப்பதையும்விடக் கேடானது.

ஆனால் விருப்பத்தால் ஒருபோதும் முடியாத வேலைகளும் உண்டு என்பதை இதே நாடு பிறகு பட்டுத் தெரிந்துகொண்டது. 1940 டிசம்பர் 29, ஞாயிற்றுக்கிழமை இரவு. லண்டனின் வணிகப் பகுதியில் தீக்குண்டுகள் விழுந்தன. அலுவலகங்களும் தேவாலயங்களும் கிடங்குகளும் பூட்டிக் கிடந்தன. விழுந்தவுடன் ஒருவர் ஒரு மணல் வாளியோடு கூரையில் நின்றிருந்தால் அணைந்திருக்கக்கூடிய குண்டுகள், பூட்டிய கதவுகளுக்குப் பின்னே பெருந்தீயாயின. தொண்டர் தன் தெருவைக் காப்பார், தன் வீட்டைக் காப்பார். விடுமுறை நாளில் யாரோ ஒரு முதலாளியின் கிடங்குக் கூரையில் இரவெல்லாம் விழித்திருக்க யாருக்கு விருப்பம் வரும்? தீக்காவல் 1941 ஜனவரியில் கட்டாயமாக்கப்பட்டது. அது சரியான முடிவு.

சிறுவர்களை நகரங்களிலிருந்து வெளியேற்றிய முறையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1939 செப்டம்பர் முதல் மூன்று நாட்களில் ஏறத்தாழ 15 லட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டார்கள். பிள்ளையை அனுப்புவது பெற்றோரின் விருப்பம். வந்த பிள்ளைக்கு இடம் கொடுப்பது வீட்டுக்காரருக்குச் சட்டப்படி கடமை. ஒரு பிள்ளைக்கு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் உதவித்தொகை. ரயிலடியில் கைப்பிடித்து இறக்கி வீடு சேர்த்தவர்கள் ஆசிரியர்களும் தன்னார்வப் பெண்களும். எந்தெந்த வீட்டில் எத்தனை அறை காலி என்ற கணக்கை அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே எடுத்து வைத்திருந்தார்கள். கணக்கெடுப்பு, கட்டாயம், விருப்பம், ஊதியம் நான்கும் ஒரே ஏற்பாட்டில் அததற்கு உரிய இடத்தில் இருந்தன. பிள்ளைகள் பட்ட துயரங்கள் தனிக்கதை. குண்டு விழாததால் 1940 ஜனவரிக்குள் பாதிக்கு மேற்பட்டோர் ஊர் திரும்பியதும் உண்மை. ஆனாலும் விரைவாக, பெருந்திரளாக மக்களை நகர்த்துவதற்கு இதைவிடத் தெளிவான வேலைப் பிரிவினையை நான் பார்த்ததில்லை.

நம் பக்கத்திலும், வான்தாக்குதல் தற்காப்பைக் குறிக்கும் ஏ.ஆர்.பி. என்ற பெயர் 1942இல் வீட்டுக்கு வீடு புழங்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 5 அன்று கொழும்பும், மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் குண்டுவீச்சுக்கு ஆளாயின. சென்னையில் காவலர்கள் இருந்தார்கள், சங்கொலி இருந்தது. யார் நகரத்தில் இருந்தாக வேண்டும், யார் போகலாம் என்ற தெளிவுதான் மக்களிடம் போய்ச் சேரவில்லை. லட்சக்கணக்கானவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். அரசு அலுவலகங்களே உள்நாட்டுக்கு இடம் மாறின.

எதை எடுப்பது?

இன்று ஓர் அரசு என்னிடம் கேட்டால், முதல் வேலையாக ஒதுக்கப்பட்ட தொழில்களின் அட்டவணையை எழுதச் சொல்வேன். 1939இல் சுரங்கமும் கப்பல் தளமும் முதன்மை. இன்று மின்கட்டமைப்பு, குடிநீர், மருத்துவமனை, தொலைத்தொடர்பு, தரவு மையம், உணவு விநியோகம். அட்டவணையை ஒருமுறை எழுதிவிட்டு மறந்துவிடவும் கூடாது. 1940இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் நிலக்கரி ஏற்றுமதி நின்றுபோக, வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களைப் படைக்கும் வேறு ஆலைகளுக்கும் போகவிட்டார்கள். 1943 டிசம்பரில் நிலக்கரிக்கு ஆளில்லை. படைக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களில் பத்தில் ஒருவரைப் பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைக் குலுக்கிப் போட்டுச் சுரங்கத்துக்கு அனுப்பினார் தொழிலாளர் அமைச்சர் பெவின். சுரங்கத்தையே பார்த்திராத பிள்ளைகள் பலர் அப்படி மண்ணுக்குள் இறங்கினார்கள்; படைக்குப் பதில் சுரங்கத்தைத் தாமாகத் தேர்ந்தெடுத்தவர்களையும் சேர்த்து மொத்தம் சுமார் 48,000 பேர்.

இரண்டாவது, கட்டாயப் பதிவேடு, முடியும் நாளோடு. ஜெர்மனியின் வினாப்படிவம் இதற்கு மிக அருகில் வருகிறது. ஆனால் அது 18 வயது ஆண்களிடம் மட்டுமே கட்டாயமாகக் கேட்கிறது. நாற்பது வயது செவிலியையும் ஐம்பது வயது மின்பணியாளரையும் கேட்காத பதிவேடு படைக்குத்தான் உதவும். குடிமக்களைக் காக்கும் பணிக்கு உதவாது. சுவீடன் 2024 ஜனவரியில் மீட்புப் பணிக்காகக் குடிமைக் கடமையை மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அது படைக்கு வெளியேயும் பார்க்கிற பார்வை. எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது.

மூன்றாவதாகத்தான் அழைப்பு. அது குறிப்பான வேலைக்கு, குறிப்பான ஊரில், பயிற்சியாளர் கையில் இருக்கும்போது மட்டும் விடுக்கப்பட வேண்டும். சீருடையும் பயணச் செலவும் அரசுடையது. பயிற்சிக்குப் போகும் நாளில் சம்பளம் பிடிக்கக் கூடாது, வேலை பறிபோகக் கூடாது என்று சட்டம் வேண்டும். இல்லாவிட்டால் தினக்கூலிக்காரர் வரவே மாட்டார். இத்தனையும் செய்த பிறகும் ஆள் கிடைக்காத காவல் பணிகளுக்கு, வெளியே சொல்லிவிட்டு, சுழற்சி முறையில் ஆணை பிறப்பிக்கலாம். பிரான்சின் 10 மாத விருப்பச் சேவையில் சேர நினைக்கும் இளைஞர் யாராவது என்னைக் கேட்டால், கையெழுத்திடுமுன் இரண்டைத் தெரிந்துகொள்ளச் சொல்வேன்: சேர்ந்த முதல் வாரத்தில் என்ன வேலை கொடுப்பீர்கள், பத்து மாதத்துக்குப் பிறகு என்னை எதற்கு, எத்தனை ஆண்டுகளுக்குத் திரும்ப அழைக்க முடியும்.